பின்னால் வருகிறவள்

மிஞ்சோ நதியோரப் பாதையில் முப்பத்தெட்டு வருடம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். வழியில் எத்தனை பாலம், எந்தத் திருப்பத்தில் தேவாலயம் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கணவன் இவானோவின் பின்சக்கரம், அவனுடைய கெண்டைக்கால், வலது கெண்டைக்காலில் நாய் கடித்த தழும்பு. அதற்கு மேல் அந்தப் பாதையில் நான் எதையும் பார்த்ததில்லை.

சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர் ஒரு முழம் விட்டு அவருடைய சக்கரத்தை ஒட்டியே வந்தால் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் கண்ணை அந்தச் சக்கரத்திலிருந்து எடுக்கக் கூடாது. கொக்கு அழகாக இருக்கிறதே என்று ஒரு நொடி திரும்பினால் சக்கரமும் சக்கரமும் உரசி இரண்டு பேரும் தரையில் கிடப்பார்கள். அதனால் முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டி, இங்கே குழி, இங்கே கல் என்று விரலால் காட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் நம்பி வருவார்.

பேச்சும் அப்படித்தான். முன்னால் இருப்பவர் சொல்வதைக் காற்று பின்னால் கொண்டுவந்து கொடுத்துவிடும். பின்னால் இருப்பவர் சொல்வது முன்னால் போகாது, தொண்டை கிழியக் கத்தினால்தான் உண்டு. இது இவானோவுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. முப்பத்தெட்டு வருடம் அவன் பேசினான், நான் கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பதில் சொல்லலாம் என்று பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெஸ்கியேராவில், ஏரி முடிந்து நதி தொடங்கும் பாலத்தடியில் கிளம்புவோம். அங்கிருந்து மாந்தோவா வரை நாற்பத்து மூன்று கிலோமீட்டர். வழவழவென்று தார் போட்ட பாதை. ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பிள்ளையை முன்கூடையில் உட்காரவைத்துக்கொண்டு அரட்டையடித்தபடி போகிறவர்கள்கூட எங்களை முந்துவார்கள். மாந்தோவாவில் பூசணிக்காய் அடைத்த தோர்தெல்லி பாஸ்தா ஆளுக்கு ஒரு தட்டு, கொஞ்சம் ஒயின். பிறகு சைக்கிளோடு ரயிலேறி, வெரோனாவில் வண்டி மாறி, வீடு. முப்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் அந்தப் பாதையில் திரும்பி ஓட்டியதில்லை. “வந்த வழியிலயே திரும்பிப் போறதுக்கு எதுக்கு வரணும்?” என்பான் இவானோ.

போன வருடம் ஜூலையில் அந்தப் பாதையில்தான் அவன் இறந்தான். மாரடைப்பு. அறுபத்தொன்பது வயது. அப்போது நான் அவன் பின்னால் இல்லை.

சைக்கிள் செயின் கழன்றுவிட்டது, மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவன் போய்விட்டான் என்று போலீஸிடம் சொன்னேன். மகன் மிர்கோவிடமும் அதையே சொன்னேன். பாதிரியாரிடம், பக்கத்து வீட்டில், கல்லறைக்கு வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் அதே செயின்தான். செயின் கழலவில்லை.

“அம்மா, உன் மேல என்ன தப்பு இருக்கு? செயின் கழண்டா நீ என்ன பண்ணுவே?” என்று மிர்கோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். தூரினிலிருந்து வாரம் இரண்டு முறை போன் செய்து இன்றைக்கும் அதையே சொல்கிறான். எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்தே ஒரு வருடம் ஓட்டிவிட்டார்கள். யாராவது ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எதிரில் ஒரு முகம் இருந்தால் வாய் வரமாட்டேன் என்கிறது. பாவமன்னிப்புக் கூண்டில் மறைப்பு இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் எங்கள் பாதிரியார் என் குரலை இருமலிலேயே கண்டுபிடித்துவிடுவார், புதன்கிழமை என் வீட்டில் சாப்பிடவும் வருவார்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நான் பின்னால் வந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பியபடியே அவன் போய்விட்டான். தனியாக இருக்கிறோம் என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இரவுகளைக் கழித்தேன்.

இந்த வருடம் ஏப்ரலில் மறுபடி சைக்கிளை எடுத்தேன். தனியாக ஓட்ட முடியவில்லை. எதிரில் ஒரு சக்கரம் இல்லாமல் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதனால் யாராவது என்னைத் தாண்டிப் போனால் அவர்கள் பின்னால் ஒட்டிக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்குச் சக்கர உறிஞ்சி என்று பெயர். ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இருப்பவர் முழங்கையை ஆட்டுவார். உன் முறை, முன்னால் வந்து காற்றை வாங்கு என்று அர்த்தம். அப்போது போகாதவர்களுக்கு மரியாதை கிடையாது. நான் ஒருவருக்கும் போனதில்லை. முழங்கை ஆடியதும் வேகத்தைக் குறைத்து நின்றுவிடுவேன், அடுத்த முதுகு வரும்வரை.

பாதையோரத்தில் காபிக்கடை வைத்திருக்கும் தோஸ்காவுக்கு இது பெரிய வேடிக்கை. “என்னக்கா, இந்த வாரம் யார் முதுகு? போன வாரம் அந்தப் பச்சை சட்டைக்காரரைக் கழட்டி விட்டுட்டியாமே, பாவம், அவர் ஊரெல்லாம் புலம்பறாரு” என்பாள். நானும் சிரித்துவைப்பேன். அவளுடைய கடையில்தான் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன் என்று அவளுக்கு நினைவில்லை. ஜூலையில் ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குக் காபி ஊற்றுகிறவள்.

எர்மெஸ் கிடைத்தது மே மாதத்தில். தெசென்ஸானோக்காரர், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், எழுபது வயது என்று தோஸ்கா சொன்னாள். அகலமான முதுகு, சீரான மிதி. முழங்கையை ஆட்டாத மனிதர். நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னாலேயே மாந்தோவா வரை போனேன். வணக்கம், நன்றி தவிர ஒரு பேச்சில்லை. ஐந்தாவது ஞாயிறு பாலத்தடியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நாலு வாரமா என் சக்கரத்தை உறிஞ்சிட்டு வர்றீங்க. நான் வாயைத் தொறக்கல. இன்னிக்கு எனக்கு முட்டி வலி. தோஸ்கா கடை வரைக்கும் நான் இழுக்கறேன். அப்புறம் நீங்க முன்னாடி வரணும்.”

“எனக்கு வழி தெரியாதுங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “வழியா? பக்கத்துல ஆறு ஓடுது. அதை விட்டுட்டு எங்கே போயிருவீங்க?”

நான் வேறு சாக்குத் தேடினேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முன்னால் போனால் எனக்கு எதிரில் முகம் இருக்காது. நான் சொல்வதைக் காற்றே பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்கும். என் குரலை இதற்கு முன் சரியாகக் கேட்டிராத மனிதர், என் மகனைத் தெரியாதவர், எந்தக் கிழமையிலும் என் வீட்டில் சாப்பிடாதவர். சொல்லிவிட்டு மாந்தோவாவில் ரயிலேறி விடலாம்.

“சரி, வர்றேன்” என்றேன்.

தோஸ்காவின் கடையில் நிற்கவில்லை. கடை தாண்டியதும் எர்மெஸ் முழங்கையை ஆட்டினார். நான் இடப்பக்கமாக ஏறி முன்னால் வந்தேன். முதலில் காற்று நெஞ்சில் மோதியது. அப்புறம் எதிரில் ஒன்றுமே இல்லை. பாதை, பாதை, இன்னும் பாதை. இடதுகைப் பக்கம் நதி, இத்தனை அகலமாக, இத்தனை பச்சையாக. கொக்குகள் உண்மையிலேயே நின்றன. இவானோ முப்பத்தெட்டு வருடம் இந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டா ஓட்டினான்? அதனால்தான் ஓயாமல் பேசினானோ என்று முதன்முறையாகத் தோன்றியது. எனக்கு அழுகை வந்தது. கையைக் கீழே நீட்டி ஒரு குழியைக் காட்டினேன், இன்னொன்றைக் காட்டினேன். ஒரு நாய்க்காரரைப் பார்த்து மணியடித்தேன். பிறகு, திரும்பாமல், சொல்ல ஆரம்பித்தேன்.

“எர்மெஸ், நான் ஒன்னு சொல்றேன். பதில் சொல்ல வேண்டாம். என் வீட்டுக்காரன் இந்த ரோட்டுலதான் செத்தான். செயின் கழண்டு நான் நின்னுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். பொய். கோவத்துல நின்னேன். அன்னிக்குப் பெஸ்கியேராவுல இருந்து அவன் தன் கூட்டாளி பொண்டாட்டியைப் பத்திப் பேசிட்டே வந்தான். அவ முன்னாடி வந்து காத்து வாங்குவாளாம், ஆம்பளைக்குச் சமமா மிதிப்பாளாம். நீயும் இருக்கியே, கயித்துல கட்டின தள்ளுவண்டி மாதிரின்னான். பத்துக் கிலோமீட்டர் இதே பாட்டு. எனக்கும் வாய் இருக்கே, ஆனா காத்து எங்கே விடுது? தோஸ்கா கடை வந்துச்சு. நான் பேசாம பிரேக்கைப் பிடிச்சேன். அவன் பேசிட்டே போயிட்டான். போகட்டும், காத்துகிட்டயே பேசட்டும், புத்தி வரட்டும்னு உக்காந்துட்டேன்.”

காற்று தொண்டைக்குள் போய் இருமல் வந்தது. இருமிவிட்டுத் தொடர்ந்தேன். முன்னால் இருந்து பேசுவது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் குறுக்கே பேச முடியாது.

“ஒரு காபி குடிச்சேன். சிரிப்பா வந்துச்சு எனக்கு. ஒரு துண்டு கேக்கு சாப்பிட்டேன். அப்புறம் இன்னொரு காபி. அந்த ரெண்டாவது காபியைத்தான் என்னால மறக்க முடியல. அவன் போனும் என் முதுகுப் பையிலதான் இருந்துச்சு, கூப்பிடவும் வழியில்ல. நான் எழுந்து போனப்போ அந்த வெள்ளை மதகுகிட்ட கூட்டம். அக்கரையில மீன் பிடிச்சிட்டிருந்தவருதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரு. உங்க வீட்டுக்காரரு பெடல் மேல எழுந்து நின்னு அவ்ளோ வேகமா மிதிச்சிட்டு வந்தாருன்னு அவரு சொன்னாரு. ஆத்துப் பக்கம் நாணலுக்குள்ள விழுந்து கெடந்தான். வலது ஓரமா போறவன் இடது பக்கம் எப்படி விழுந்தான்னு கேட்டதுக்கு, வலியில தடுமாறி ரோட்டைத் தாண்டியிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு.”

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே அந்த வெள்ளை மதகு வந்தது. நான் பார்க்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். மதகைத் தாண்டியும் பேசினேன். மிர்கோ கட்டிக்கொண்டதைச் சொன்னேன், ஒரு வருடமாக எந்த வீட்டிலும் என்னால் இரண்டாவது காபி குடிக்க முடியாததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “அவ்வளவுதான்” என்றேன்.

பதில் சொல்ல வேண்டாம் என்றவள் நான்தான். ஆனாலும் காத்திருந்தேன். நல்ல மனிதர், யோசிக்கிறார் என்று நினைத்தேன். இன்னும் ஒரு குழியைக் காட்டினேன். ஒரு பாலம் போயிற்று. ஒரு வார்த்தையாவது சொல்லலாம், சீ என்றாவது சொல்லலாம்.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

கண்ணுக்கு எட்டியவரை வெயிலும் தார்ப்பாதையும்தான். எழுபது வயது, முட்டி வலி, இந்த வெயில். எங்கே விழுந்தார்? எந்த இடத்தில்? நான் யாரிடம் பேசிக்கொண்டு வந்தேன்? ரயில், மாந்தோவா, எதுவும் நினைவில் இல்லை. சைக்கிளைத் திருப்பினேன். பெடல் மேல் எழுந்து நின்று மிதித்தேன். அறுபத்து மூன்று வயதில் நான் அப்படி மிதித்ததில்லை, இருபத்து மூன்றிலும் மிதித்ததில்லை. மூச்சு நெஞ்சைக் குத்தியது. “எர்மெஸ்! எர்மெஸ்!” என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். எதிரில் வந்த குடும்பம் பயந்து ஓரம் ஒதுங்கியது.

ஐந்து கிலோமீட்டர் இருக்கும். வலது ஓரமாகவே வந்துகொண்டிருந்தேன். மதகு வந்தது. என் வலது பெடல் எதிலோ சரசரவென்று உரசியது. குனிந்து பார்த்தேன். நாணல்.

பிரேக்கைப் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினேன். திரும்பி வரும்போது நதி வலப்பக்கம். முப்பத்தெட்டு வருடத்தில் இந்தப் பாதையில் ஒருநாளும் எதிர்த்திசையில் வராதவளுக்கு அது இப்போதுதான் தெரிகிறது. இந்த இடத்தில் இந்த ஓரத்தில் விழுகிறவன் எதையும் தடுமாறித் தாண்ட வேண்டியதில்லை. அவன் மாந்தோவாவுக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அன்றைக்கு நான் கடையில் நுழைந்தபோது மணி பத்து ஐந்து. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பத்து நாற்பது. கடையிலிருந்து மதகு மூன்று கிலோமீட்டர், பத்து நிமிட வழி. மீதி நேரம் எங்கே போயிற்று என்று நான் யாரையும் கேட்டதில்லை, என்னையும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த நேரத்தில் அவன் பேசிக்கொண்டே தூரமாய்ப் போயிருக்கிறான். ஏதோ ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறான். நான் இப்போது பார்த்ததைப் பார்த்திருக்கிறான். எங்கேயோ விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்து, வந்த வழியில் ஒருநாளும் திரும்பாத மனிதன், பெடல் மேல் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். அப்போது நான் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரே ஆறுதலும் போயிற்று. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தான் தனியாக இருப்பது தெரிந்து, எனக்காகப் பயந்துதான் செத்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எர்மெஸ் நினைவு வந்ததும் மறுபடி ஏறி மிதித்தேன். கடைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாதி தின்ற வாழைப்பழம்.

“வந்துட்டீங்களா!” என்று சிரித்தார். “சட்டைக்குள்ள குளவி பூந்துருச்சும்மா. ரெண்டு போடு போட்டுருச்சு. நில்லுங்க நில்லுங்கன்னு கத்தறேன், நீங்க என்னடான்னா குழியைக் காட்டிட்டே பறக்கறீங்க.”

சைக்கிளை அப்படியே கீழே போட்டேன்.

“மனுஷனா நீங்க? ரெண்டு கத்து கத்திட்டு உக்காந்துட்டா ஆச்சா? மூணாவது தடவையும் கத்தணும்! தொண்டை கிழியட்டும்! பின்னால ஆள் வருதுன்னு நம்பித்தானே முன்னால ஒருத்தர் மிதிக்கிறாங்க? அந்த நம்பிக்கையில கை வைக்கலாமா? திரும்பிப் பாத்து ரோடு காலியா கெடந்தா எப்படி இருக்கும்னு தெரியுமா? எந்தப் பள்ளத்துல கெடக்கோ, மூச்சு இருக்கோ இல்லையோன்னு, இந்த வெயில்ல, இந்த வயசுல, நெஞ்சு வெடிக்க ஓடி வரணுமா? இங்க வந்து பாத்தா சாவகாசமா தின்னுட்டு உக்காந்திருக்கிறது! வெக்கமா இல்ல? கோவம்னா வாயைத் தொறந்து சொல்லணும். நிக்கிறதா இருந்தா நிக்கிறேன்னு சொல்லிட்டு நிக்கணும்!”

என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. நதிக்கு அக்கரையில் யாரோ எழுந்து நின்று பார்த்தார்கள். இந்தத் திட்டு ஒரு வருடமாக எனக்கு வந்து சேர வேண்டியது. இதைக் கொண்டுவந்தவன் கடைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது விழுந்துவிட்டான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

எர்மெஸ் கோபித்துக்கொள்ளவில்லை. வாழைப்பழத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“எனக்குக் கோவம் ஒன்னும் இல்லையேம்மா” என்றார் மெதுவாக. “சொல்லாம நின்னது யாரு?”

எதிரில் ஒரு முகம் இருந்தது. வெயிலில் சிவந்த, வியர்த்த, கிழட்டு முகம். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“நான்தான்” என்றேன்.